கணிப்பொறியில் ஒண்டுக்குடித்தனம்

ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பெரிய வீடு. அதில் எட்டுப் பத்துக் குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையல், தனிக் கதவு, தனிப் பூட்டு. ஆனால் கிணறு ஒன்றுதான், மாடிப்படியும் ஒன்றுதான். விடியற்காலையிலேயே ஒரு வீட்டார் எழுந்து அண்டா, குண்டான், தவலை எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டால் மற்றவர்கள் கதி என்ன?

இன்று உலகின் பெரிய கணிப்பொறிக் கூடங்களில் பல இத்தகைய ஒண்டுக்குடித்தன வீடுகளே. ஆயிரக்கணக்கான சர்வர்கள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பல ஆய்வுக் குழுக்களும் நிறுவனங்களும் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் தமக்கென்று ஒரு தனிக் கணிப்பொறிக் கூடமே இருப்பதுபோலத் தோன்றும். கணிப்பொறித் துறையில் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயரும் குடித்தனக்காரர் என்று பொருள்படும் சொல்தான். இந்த வீட்டில் கிணற்று நீரைப் பங்கிடுவது எப்படி என்பதையே இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இல்லாத கம்பி, இல்லாத பெட்டி

முதலில் இந்த வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஒரு சர்வரின் திறனை மென்பொருளால் கூறுபோட்டுப் பல கணிப்பொறிகளாகக் காட்டலாம். இவற்றுக்கு மெய்நிகர் கணிப்பொறிகள் என்று பெயர். கணிப்பொறியை இப்படிச் செய்ய முடியுமானால், கணிப்பொறிகளை இணைக்கும் வலைப்பின்னலையும் செய்யலாம் அல்லவா? அதுதான் மெய்நிகர் வலைப்பின்னல். அதில் கம்பி இழுக்க வேண்டாம். ரௌட்டர் என்னும் பெட்டியைக் கடையில் வாங்க வேண்டாம். ‘எனக்கு ஒரு வலை வேண்டும், அதில் ஒரு ரௌட்டர் வேண்டும்’ என்று கேட்டால் மென்பொருள் சில விநாடிகளில் அமைத்துத் தந்துவிடும்.

இதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களில் புகழ்பெற்றது ஓப்பன்ஸ்டாக். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து 2010-ல் இதைத் தொடங்கின. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். ஜெனிவா நகரத்தருகே உள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடம் 2013 முதல் தன் கணிப்பொறிகளை இதைக் கொண்டே நிர்வகித்து வருகிறது. ஓப்பன்ஸ்டாக்கில் கணிப்பொறிகளைப் பங்கிடும் பகுதிக்கு நோவா என்று பெயர்; வலைப்பின்னலைக் கவனிக்கும் பகுதிக்கு நியூட்ரான். (நியூட்ரானின் பழைய பெயர் குவாண்டம். அதே பெயரில் சேமிப்புக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்ததால் 2013-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இயற்பியலை விட்டு வெளியே போக மட்டும் மனம் வரவில்லை போலும்!)

ஒரு குடித்தனக்காரரின் கணக்குக்கு ஓப்பன்ஸ்டாக்கில் புராஜெக்ட் என்று பெயர். ஒரு புராஜெக்ட்டில் உள்ளவர்களுக்கு இன்னொரு புராஜெக்ட்டின் வலை கண்ணிலேயே படாது. இரண்டு புராஜெக்ட்டுகளில் உள்ள இரண்டு கணிப்பொறிகளுக்கு 192.168.1.5 என்ற ஒரே உள்முகவரி இருந்தாலும் குழப்பம் நேராது. இரண்டு தெருக்களில் ஐந்தாம் எண் வீடு இருப்பதில்லையா? தெருப் பெயர் வேறாக இருந்தால் போதும். இங்கே தெருப் பெயராக இருப்பது ஓர் எண். செய்திப் பொட்டலம் ஒவ்வொன்றையும் இன்னோர் உறைக்குள் போட்டு, அந்த உறையின்மேல் வலையின் எண்ணை எழுதி அனுப்புகிறார்கள்.

இந்த எண்ணை எழுத எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் நம் கதையின் முதல் சிக்கல். வி.லான் என்ற பழைய முறையில் இதற்கு 12 பிட் இடம். 2-ன் 12-ஆம் அடுக்கு 4,096. அதில் இரண்டு எண்களைப் பயன்படுத்தக் கூடாது, மீதி 4,094. நியூட்ரான் வழக்கமாக ஒரு புராஜெக்ட்டுக்கு 100 வலைகள்வரை அனுமதிக்கிறது. 40 புராஜெக்ட்டுகள் தங்கள் அனுமதி முழுவதையும் பயன்படுத்தினால் 4,000 எண்கள் தீர்ந்துவிடும். 41-ஆவது புராஜெக்ட்டுக்கு மிஞ்சுபவை 94 மட்டுமே. 42-ஆவதுக்கு ஒன்றுமில்லை. ஒரு பெரிய கூடத்துக்கு இது எந்த மூலைக்கு? 2014-ல் வெளியான வி.எக்ஸ்.லான் என்ற முறையில் இந்த இடத்தை 24 பிட்டாக்கினார்கள். எண்கள் 1,67,77,216 ஆகிவிட்டன. பிட்டுகள் இரட்டித்ததும் எண்ணிக்கை 4,096 மடங்கு பெருகியதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இனிமேல் யாருக்கும் கட்டுப்பாடு வேண்டாமே? அதுதான் இல்லை. கிணறு பெரிதானாலும் வாளியும் கயிறும் அதேதான். ஒவ்வொரு வலையிலும் புதிய கணிப்பொறிகளுக்கு முகவரி கொடுக்க ஒரு சிறு புரோகிராம் இயங்க வேண்டும். ஒவ்வொரு மெய்நிகர் ரௌட்டருக்கும் ஏதோ ஓர் உண்மையான சர்வரின் நினைவகமும் நேரமும் செலவாகும். மெய்நிகர் என்று பெயர் வைத்துவிட்டதால் இவை காற்றில் இயங்குவதாக எண்ணிவிடக் கூடாது. இவற்றின் மின்சாரச் செலவு மெய்யானதே.

ஒதுக்கீடா, உச்சவரம்பா?

ஆகவே ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ‘இவ்வளவுதான்’ என்று ஓர் எண்ணை நிர்ணயிக்கிறார்கள். இதற்குக் கோட்டா என்று பெயர். நமக்கு இந்தச் சொல் ரயில் டிக்கெட் வழியாக நன்கு அறிமுகம். ஆனால் ரயிலில் கோட்டா என்றால் நமக்கென்று எடுத்துவைத்த இடம். கணிப்பொறிக் கூடத்தில் பொருளே வேறு. 50 முகவரி கோட்டா என்றால், 50 முகவரிகளை உங்களுக்காக யாரும் எடுத்துவைக்கவில்லை. அதற்குமேல் கேட்கக் கூடாது, அவ்வளவே. நில உச்சவரம்புச் சட்டம் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தச் சட்டத்தின் உச்சவரம்பு ஆளுக்கு அவ்வளவு நிலம் தருவதாகச் சொல்லவில்லை. அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஆகையால் இதை உச்சவரம்பு என்றே இனி அழைப்போம்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் ஏராளம். ‘என் கணக்கில் இன்னும் 30 பாக்கி இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை?’ என்று கேட்பார்கள். நூலகத்தில் ஒரு அட்டைக்கு மூன்று புத்தகம் என்று விதி. 5,000 உறுப்பினர்கள் ஒரே நாளில் வந்து ஆளுக்கு மூன்று கேட்டால் 15,000 புத்தகம் வேண்டும். நூலகத்தில் 10,000-தான் இருக்கிறது என்றால்? விதி தவறா? இல்லை. எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நூலகமே நடக்கிறது.

நியூட்ரானை நிறுவியதும் ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தானாகவே கிடைக்கும் வரம்புகள் இவை: வலைகள் 100, உள்வலைகள் 100, போர்ட்டுகள் 500, ரௌட்டர்கள் 10, வெளியுலகிலிருந்து அணுகத்தக்க மிதக்கும் முகவரிகள் 50, பாதுகாப்புக் குழுக்கள் 10, அவற்றுக்குள் எழுதும் விதிகள் 100. பாதுகாப்புக் குழு என்பது வாயிற்காவலருக்குக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல். யாரை உள்ளே விடலாம் என்று சொல்வது. ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் ஒரு குழு தானாகவே பிறந்துவிடுகிறது. அதனால் 10 என்பது உண்மையில் நீங்கள் உண்டாக்கும் 9-தான்.

இந்த எண்கள் எந்த ஆராய்ச்சியிலிருந்தும் கிடைத்தவை அல்ல. பலருக்கும் ஓரளவு பொருந்தும் என்று வைத்த தொடக்க எண்கள். ஒவ்வொரு கூடத்தின் நிர்வாகியும் தம் கிணற்றின் ஆழத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டுவிடுவோர் மிகுதி. அதன் பலனையும் அவர்களே அனுபவிக்கிறார்கள்.

முகவரிப் பஞ்சம்

இந்த வரம்புகளிலெல்லாம் மிகவும் கவனமாக வைக்க வேண்டியது வெளிமுகவரிக்கான வரம்பு. ஏன் தெரியுமா? இன்றும் பரவலாகப் பயன்படும் ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் நீளமுடையது. மொத்த முகவரிகள் 429 கோடியே 50 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. உலக மக்கள் ஆளுக்கு ஒன்று கேட்டாலே போதாது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியம் காலியாயிற்று. 2019 நவம்பரில் ஐரோப்பாவுக்குப் பங்கிடும் அமைப்பின் கையிருப்பும் தீர்ந்தது. 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு வந்துவிட்டது என்றாலும் பழையதை விட உலகத்துக்கு இன்னும் மனமில்லை.

ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் 256 வெளிமுகவரிகள் கொண்ட ஒரு தொகுதி இருப்பதாகக் கொள்வோம். முதலாவது வலையின் பெயராகவும், கடைசி ‘அனைவருக்கும்’ என்ற அறிவிப்புக்காகவும் போய்விடும். இன்னொன்று வெளிவாசலுக்கு. மீதி 253. அங்கே 20 புராஜெக்ட்டுகள் நடக்கின்றன. தொடக்க வரம்பை அப்படியே விட்டால் 20 பெருக்கல் 50, அதாவது 1,000 முகவரிகளுக்கு நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். கையில் இருப்பதோ 253!

இன்னொரு கசிவும் உண்டு. மெய்நிகர் ரௌட்டர் ஒன்றை வெளியுலகத்தோடு இணைத்தால் அந்த ரௌட்டருக்கும் வழக்கமாக ஒரு வெளிமுகவரி வேண்டும். ஆனால் அது மிதக்கும் முகவரிக் கணக்கில் ஏறாது. ரௌட்டர் வரம்பு 10 அல்லவா? 20 புராஜெக்ட்டுகளும் பத்துப் பத்து ரௌட்டர்களை வெளியே இணைத்தால் 200 முகவரிகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். முகவரியைக் காப்பாற்ற முகவரிக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதாது, ரௌட்டருக்கும் வைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சரி, எப்படித்தான் பங்கிடுவது? ஒரு வழி: ஆளுக்கு ஒரு ரௌட்டர், பத்து முகவரி. 20-உம் 200-உம் சேர்ந்து 220. கையிருப்புக்குள் அடங்கிவிட்டது. யாருக்கும் இல்லை என்று சொல்ல நேராது. ஆனால் பெரும்பாலான குழுக்கள் மூன்று முகவரியோடு நின்றுவிடும். பல முகவரிகள் தூங்கும். அதே வேளையில் 15 முகவரி தேவைப்பட்ட ஒரு குழு வேலை முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும். மற்றொரு வழி: ஆளுக்கு 20 என்று தாராளமாக வைத்துவிட்டு, மொத்தக் கையிருப்பை நாள்தோறும் கண்காணிப்பது. இரண்டாவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் கண்காணிக்க ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வழியே பாதுகாப்பு.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. வரம்பு எண்ணாக −1 என்று எழுதிவிட்டால் ‘வரம்பே இல்லை’ என்று பொருள். அவசரத்தில் நிர்வாகிகள் இதைப் போட்டுவிடுவது உண்டு. புரோகிராம் எழுதும்போது சுழற்சி நிற்கவேண்டிய நிபந்தனையைத் தவறாக எழுதினால் அது ஓயாமல் ஓடும் என்று படித்திருப்பீர்கள். ‘ஒரு போர்ட் உண்டாக்கு’ என்ற கட்டளை அந்தச் சுழற்சிக்குள் இருந்தால்? ஓரிரவில் கூடத்தின் கணக்கேடு முழுவதும் அதுவே நிரம்பிவிடும். தவறு செய்தவர் ஒருவர். வேலை நிற்பது இருபது குழுக்களுக்கு. வரம்பு இருந்தால் அந்தச் சுழற்சி 500-ல் முட்டி நிற்கும். பாதிக்கப்படுபவர் எழுதியவர் மட்டுமே.

போர்ட் கணக்கு

வரம்பைக் குறைவாக வைத்தாலும் தொல்லைதான். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்ட் என்பது மெய்நிகர் வலையில் கம்பி செருகும் துளை போன்றது. ஓர் ஆய்வுக் குழு 20 கணிப்பொறிகள் கேட்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு வலைகளில் இணைய வேண்டும். ‘20 பெருக்கல் 2, 40 போர்ட்’ என்று நிர்வாகி வரம்பு வைத்துவிடுகிறார். சரிதானே?

சரியில்லை. குழுவிடம் மொத்தம் நான்கு வலைகள். ஒவ்வொன்றிலும் முகவரி கொடுக்கும் புரோகிராமுக்கு ஒரு போர்ட், ரௌட்டர் வந்து சேர ஒரு போர்ட். ஆக, ஒரு கணிப்பொறிகூட இயங்குமுன்பே 8 போர்ட்டுகள் செலவு. மீதி 32, அதில் 16 கணிப்பொறிகள். 17-ஆவதைக் கேட்டதும் மறுப்பு வந்துவிடும். இணையத்தில் 404 என்ற பிழை எண்ணைப் பார்த்திருப்பீர்கள். நியூட்ரான் சொல்லும் மறுப்புக்கு எண் 409. செய்ய வேண்டியது வரம்பை 48 ஆக்குவது. பழுதுக்கும் சோதனைக்கும் கொஞ்சம் சேர்த்து 60 வைப்பது இன்னும் நல்லது.

போர்ட்டுகள் வேறொரு வழியிலும் தீரும். தனியே உண்டாக்கிய போர்ட்டும், எடுத்துக்கொண்ட மிதக்கும் முகவரியும், கணிப்பொறியை அழித்த பிறகும் புராஜெக்ட்டின் கணக்கிலேயே கிடக்கும். காலிசெய்த வீட்டுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்காதது போல. வரம்பை உயர்த்தும்படி கேட்டு விண்ணப்பம் எழுதும் முன் இந்தச் சாவிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிர்வாகி வரம்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம். 30 முகவரி வைத்திருப்பவரின் வரம்பை 20 ஆக்கினால், இருக்கும் 30-ல் எதுவும் பிடுங்கப்படுவதில்லை. ஆனால் கையில் உள்ளது 20-க்குக் கீழே இறங்கும்வரை புதிதாக ஒன்றும் கிடைக்காது.

இரண்டு குமாஸ்தாக்கள்

‘வரம்பைச் சரிபார்ப்பது எளிதுதானே? இருப்பதோடு கேட்பதைக் கூட்டு. வரம்பைத் தாண்டினால் மறு’ என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது.

ஓர் அலுவலகத்தில் இரண்டு குமாஸ்தாக்கள், கணக்கேடு ஒன்றே. ஒருவருக்கு ரௌட்டர் வரம்பு 10. இதுவரை எடுத்தது 9. அவர் இரண்டு சாளரங்களிலும் ஒரே நொடியில் விண்ணப்பம் நீட்டுகிறார். முதல் குமாஸ்தா ஏட்டைப் பார்க்கிறார்: 9. ‘இன்னும் ஒன்று தரலாம்.’ அவர் எழுதி முடிப்பதற்குள் இரண்டாமவரும் பார்க்கிறார்: அப்போதும் 9. ‘இன்னும் ஒன்று தரலாம்.’ இருவரும் தந்துவிடுகிறார்கள். வரம்பு 10, கையில் 11! யாரும் விதியை மீறவில்லை. ஆனால் விதி மீறப்பட்டுவிட்டது. பெரிய கூடங்களில் நியூட்ரானின் பல பிரதிகள் ஒரே சமயத்தில் இயங்குவதால் இது கற்பனையல்ல.

2015-ல் நியூட்ரானை எழுதியவர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பொருளைக் கொடுக்கும் முன்பே ‘ஒன்று தரப்போகிறேன்’ என்று ஏட்டில் குறித்துவிட வேண்டும். அடுத்தவர் பார்க்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்து எண்ணிக்கொள்வார். பொருள் உண்டானதும் குறிப்பை அடித்துவிடலாம். குறித்த குமாஸ்தா பாதியில் மயங்கி விழுந்துவிட்டால்? அதாவது அந்தச் சர்வர் நின்றுபோனால்? குறிப்பு ஏட்டிலேயே நிலைத்துவிடுமே! அதற்காக ஒவ்வொரு குறிப்புக்கும் ஆயுள் வைத்தார்கள். குறித்த நேரத்துக்குப் பின் அது செல்லாது.

பக்கத்து வீடான நோவாவிலும் முதலில் இதே குறிப்புமுறைதான் இருந்தது. அங்கே குறிப்பும் உண்மையும் அடிக்கடி ஒத்துவராமல் போகவே, 2017-ல் அதைக் கைவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் உண்மையில் இருப்பதை எண்ணுவது. கொடுத்த பின் மறுபடி ஒருமுறை எண்ணி, மிஞ்சிவிட்டால் திரும்பப் பெறுவது என்று மாற்றிக்கொண்டார்கள். ஒரே நோய்க்கு ஒரே குடும்பத்தில் இரண்டு மருந்துகள்!

பழைய கதை

பங்கீட்டுச் சிக்கல் புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கார்பட்டோ என்ற அறிஞரும் அவர் குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை 1961-ல் செய்துகாட்டினார்கள். பலர் ஒரே பொறியில் குடியேறிய பின் வட்டுச் சேமிப்பிடத்துக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வேண்டியதாயிற்று.

1983-ல் வெளியான பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்பில் ஓர் அழகான திருத்தம் வந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ் எழுதியது. அதில் வரம்புகள் இரண்டு. மென்வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். தவணைக்குள் பழைய கோப்புகளை அழித்துக் கீழே இறங்கிவிட வேண்டும். வன்வரம்பையோ ஒரு கணமும் தாண்ட முடியாது. பரீட்சைக்கு முந்தைய இரவு இடம் போதாமல் தவிக்கும் மாணவரை அந்த மென்வரம்பு காப்பாற்றியிருக்கும். நியூட்ரானில் இருப்பது வன்வரம்பு ஒன்றே என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒரு புராஜெக்ட்டின் வரம்புகள்: கணிப்பொறிகள் 15, அவற்றின் செயலிக் கோர்கள் 32, போர்ட்டுகள் 60. அதில் ஐந்து வலைகள். ஒவ்வொன்றிலும் மேலே கண்டதுபோல இரண்டு போர்ட்டுகள் செலவு. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 2 கோர், 3 போர்ட் வேண்டும். எத்தனை கணிப்பொறிகள் இயங்கும்? நிர்வாகி இரக்கப்பட்டுக் கணிப்பொறி வரம்பை 20 ஆக்கினால் கூடுதலாக எத்தனை கிடைக்கும்?

விடை: முதலில் 15, தடுப்பது கணிப்பொறி வரம்பு. அதை 20 ஆக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. 16 கணிப்பொறிகளில் கோர் 32-உம் தீர்ந்துவிடும். போர்ட்டில் 10-உம் 48-உம் சேர்ந்து 58, மீதி 2, அடுத்த கணிப்பொறிக்கு வேண்டியது 3. இருபதும் இயங்க வேண்டுமானால் கோர் வரம்பை 40 ஆகவும், போர்ட் வரம்பை 70 ஆகவும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.